பிழைத்த வேல்: பாண்டியன் நெடுஞ்செழியனும் துன்பியல் நாயகனும்

துன்பியல் நாயகனுக்கு வகுப்பறையில் ஒரு வாய்பாடு உண்டு. உயர்ந்த நிலையில் இருப்பான், நல்லவனாக இருப்பான், குணத்தில் மட்டும் ஓர் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டை வழியாகவே மூழ்குவான். மாக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குச் சந்தேகம் என்று எழுதிவிட்டால் பரீட்சையில் மதிப்பெண் கிடைத்துவிடும். அரிஸ்டாட்டில் சொன்னது இதுவல்ல. கவிதையியலின் 13ஆம் அதிகாரத்தில் அவர் கேட்கும் நாயகன் அறத்தில் தலைசிறந்தவனும் அல்லன், கயவனும் அல்லன். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பெயர்பெற்ற மனிதன். அவன் வீழ்வது கெட்ட குணத்தால் அன்று, ஒரு ஹமார்த்தியாவால். அந்தச் சொல்லின் வேர், எறிந்த ஈட்டி குறி தவறிப் போவதைச் சொல்ல ஹோமர் பயன்படுத்தும் வினைச்சொல்.

இதைத் தமிழில் 'குறைபாடு' என்றும் 'குணக்கேடு' என்றும் மொழிபெயர்த்துவிட்டு நாம் அவதிப்படுகிறோம். சரியான சொல் பக்கத்திலேயே கிடக்கிறது. 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்கிறது 772ஆம் குறள். பிழைத்த வேல் என்றால் குறி தப்பிய வேல். முயலைக் கொன்ற அம்பைவிட, யானையை நோக்கி எறிந்து தப்பிய வேலுக்கு மதிப்பு அதிகம் என்று வள்ளுவர் சொல்லும்போது கிரேக்கச் சொல்லின் பொருள் அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறி பெரிது, எறிந்தவன் வீரன், வேல் மட்டும் தவறிப்போயிற்று.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனைச் சுற்றி வருவதும் இந்தச் சொல்தான். நூலின் பாயிரமான பதிகம் 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்கிறது. வாயிற்காவலனிடம் கண்ணகி அரசனை 'இறைமுறை பிழைத்தோன்' என்கிறாள். கடைசியில் அரசனே 'என்முதற் பிழைத்தது' என்கிறான். பாயிரத்தில் புலவர் சொன்னது, வாசலில் வழக்காடுபவள் வாய்க்கு வந்து, முடிவில் குற்றவாளியின் வாக்குமூலமாகிறது. கொடியவன், பேராசைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

கோவலன்தானே துன்பியல் நாயகன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு நியாயம்தான். கொலைக்களக் காதையில் கண்ணகியிடம் அவன் 'சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்' என்று மனம் உடையும் இடம் காப்பியத்திலேயே மென்மையான பகுதிகளில் ஒன்று. ஆனால் அவனைக் கொல்வது அவன் செய்த பிழை அன்று. மாதவியிடம் போனதற்கும் மதுரையில் வெட்டுப்பட்டதற்கும் காரண காரியத் தொடர்பு மெலிந்தது. அதைவிட முக்கியம், எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமலே அவன் சாகிறான். கண்ணகிக்கோ முதலிலிருந்தே எல்லாம் தெரியும். அவள் பிழை எதுவும் செய்யவில்லை. பிழை, நிலை தலைகீழாதல், அறிதல் மூன்றும் ஒரே ஆளிடம் கூடுவது பாண்டியனிடம் மட்டும்.

அந்தப் பிழை எங்கே நடந்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அரண்மனையில் ஆடலும் பாடலும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆடுகிற பெண்களிடம் அரசனின் மனம் போய்விட்டது என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளியே காட்டாமல் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அரசன் அவளைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே போகிறான். 'மந்திரச் சுற்றம் நீங்கி' என்கிறார் இளங்கோ. அமைச்சர்களை விட்டுவிட்டுப் போகிறான் என்பதை வேலை மெனக்கெட்டுச் சொல்கிறார். கூட வருபவர்கள் பணிப்பெண்கள் மட்டும். தேவியின் வாயில் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான்.

கன்னக்கோல் இல்லை, கவைக்கோல் இல்லை, மந்திரத்தையே துணையாகக் கொண்டு காவலர்களை உறங்கவைத்துச் சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் சொல்லும் பதில் இது:

'தாழ்பூங் கோதை தன்கால் சிலம்பு
கன்றிய கள்வன் கையது ஆகில்
கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு'

இதை ஒரு நீதிமன்ற ஆணையாக வைத்துப் பாருங்கள். 'கையது ஆகில்' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆக, பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு ஆணையிடவில்லை. ஒரு சோதனை வைத்தே சொல்கிறான். ஆனால் சோதனை தப்பான சோதனை. கையில் சிலம்பு இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும். அது யாருடைய சிலம்பு என்பதைப் பார்க்காது. கோவலன் கையில் சிலம்பு இருக்கும் என்பது குற்றம் சாட்டியவனுக்கு முன்பே தெரியும். அவன்தான் அவனை அங்கே இருத்திவிட்டு வந்தவன். நிபந்தனை எப்படியும் நிறைவேறும். வேல் குறி தவறிய இடம் இது.

அடுத்து, தண்டனையும் பொருளை மீட்பதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன, அதுவும் தலைகீழ் வரிசையில். முதலில் கொல், பிறகு சிலம்பைக் கொண்டுவா. சிலம்பு வந்து சேரும்போது அதைப் பற்றிக் கேட்க ஆள் இருக்க மாட்டான். 'கொல்ல' அவனைச் சிலம்போடு கொண்டுவருக என்று சொல்ல நினைத்தவன், வினை விளையும் காலம் வந்ததால் 'கொன்று' என்று வாய் தவறினான் என்று பழைய உரை இந்த இடத்துக்கு விளக்கம் சொல்கிறது. அரசனைக் காப்பாற்றும் முயற்சி என்று தள்ளிவிடலாம். எனக்கு இந்த உரை பிடிக்கும். ஒரு வினையெச்ச விகுதியில் ஒரு நகரம் எரிகிறது என்று படித்த உரையாசிரியனுக்கு நாடகம் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, அரசன் நின்ற இடம். காணாமல் போன சிலம்புக்கு உரியவள் அந்த வாயிலுக்கு உள்ளேதான் இருக்கிறாள். சிலம்பை அவளிடம் காட்டினால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். ஊடலில் இருப்பவளிடம் வெறுங்கையோடு போவதைவிட, தொலைந்த சிலம்போடு போவது நல்லது என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம்; இளங்கோ அதைச் சொல்லவில்லை, ஆளை அந்த வாசலில் நிறுத்திவைத்ததோடு சரி. மனைவி மேல் உள்ள அன்பு குணக்கேடு ஆகாது. அந்த அன்பின் அவசரத்தில்தான் ஓர் உயிர் போனது.

ஊழ் என்று ஒன்று இருக்கும்போது பிழைக்கு என்ன வேலை என்பது பழைய கேள்வி. இளங்கோ இரண்டையும் ஒரே மூச்சில் வைக்கிறார்: 'வினைவிளை காலம் ஆதலின்' என்கிறார், உடனே 'தேரான் ஆகி' என்கிறார். விளைந்தது கோவலனின் முற்பிறப்பு வினை. தேராதது பாண்டியனின் செயல். இந்த 'தேர்' என்ற வினைச்சொல்லைப் பின்தொடர்வது பயன் தரும். 'தேர்ந்துசெய் வஃதே முறை' என்று செங்கோன்மையின் முதல் குறள், 541, இலக்கணம் சொல்கிறது. ஆணையிடும்போது புலவர் அவனைத் 'தேரான்' என்கிறார். அவையில் கண்ணகியின் முதல் வார்த்தையே 'தேரா மன்னா'. ஆணை பிறந்தபோது அவள் அங்கே இல்லை. ஆனாலும் சரியான குற்றப்பிரிவு அவளுக்குத் தெரிகிறது.

ஆணை கைமாறும் வழியிலும் தடைகள் வருகின்றன. காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகக்குறிப்பு கொலைக்கு உரியவனுடையது அன்று, 'கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வர்க்குத் துணையாகும் எட்டை எண்ணிச் சொல்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. திருட்டு சாத்திரத்தை இவ்வளவு கோவையாகச் சொல்பவனைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஓர் இளைஞன், மழை இருளில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். தயக்கம் பயமாகிறது. பேச்சு நீண்டுகொண்டிருக்கும்போதே 'கல்லாக் களிமகன் ஒருவன்' வாளை வீசிவிடுகிறான். விசாரணை மாதிரி தோன்றிய ஒரே உரையாடலும் குடிகாரன் கையால் முடிகிறது.

வழக்குரை காதை நூறு அடிக்குள் முடிந்துவிடும். இதை மேடையேற்றுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றின் வழியாகவே காட்சியின் கட்டுமானமும் தெரியும்.

பாண்டியனை உறுமவைப்பது முதல் தவறு. மூலத்தில் அவன் குரல் ஓரிடத்திலும் உயரவில்லை. கணவனை இழந்த ஒருத்தி ஒற்றைச் சிலம்போடு வாசலில் நிற்கிறாள், பார்க்கக் கொற்றவை மாதிரி இருக்கிறாள் என்று காவலன் நடுங்கிப்போய்ச் சொல்கிறான். தன்னை 'அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து' அரசன் என்று அவள் திட்டியிருக்கிறாள். பதில் 'வருக மற்றவள் தருக ஈங்கு' என்பதுதான். வந்தவளிடம் 'நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரையோ நீ' என்று கேட்கிறான். அழுகிற கண்ணைத்தான் முதலில் பார்க்கிறான். கொடுங்கோலனாக நடித்துவிட்டால் அவன் விழும்போது பார்ப்பவர்களுக்கு நிம்மதிதான் வரும், இரக்கம் வராது. கயவன் வீழ்வதில் துன்பியல் இல்லை என்று அரிஸ்டாட்டிலும் அந்த 13ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. கையில் ஏந்திவந்த சிலம்பையே கண்ணகி தரையில் அடித்து உடைப்பதாகக் காட்டுவார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், வழக்கு தோற்றுப்போகும். அவள் கையில் இருப்பது அவளுடையது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அதை உடைத்து மாணிக்கம் காட்டினால் எதுவும் நிரூபணம் ஆகாது. உடைய வேண்டியது கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு. 'தருகெனத் தந்து தான்முன் வைப்ப' என்று அரசன் வரவழைத்து அவள் முன் வைக்கும் சான்றுப்பொருள். மேடையில் இரண்டு சிலம்பு வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று அவள் கையில், ஒன்று அரசன் பக்கத்திலிருந்து வர வேண்டும். அரசியுடையது, மூன்றாவது, இந்தக் காட்சிக்குள் வருவதே இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது காட்சியின் அச்சாணி. 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்று அரசன் சட்டம் பேசுகிறான். அவள் 'நற்றிறம் படராக் கொற்கை வேந்தே, என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், அவ்வளவுதான். உங்களுடையது என்ன என்று கேட்கவில்லை. பாண்டியன் தானாகவே சொல்கிறான்: 'தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே'. அவளைப் பாராட்டிவிட்டு, தனக்கு எதிரான சான்றைத் தானே தருகிறான். கொற்கை முத்துக்குப் பேர்போன துறைமுகம். கொற்கை வேந்தே என்று அவள் கூப்பிட்டதும் அவன் வாயிலிருந்து முத்து வருகிறது. அவனிடம் தீய எண்ணம் இருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எங்களுடையதும் மாணிக்கமே என்று சொல்லியிருக்கலாம். நேர்மையாக வழக்கை முடிக்கப் பார்க்கிறான், அந்த வாக்கியமே வழக்கைத் திறந்துவிடுகிறது. காலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு மாலையில் பதில் சொல்கிறான்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு அரிஸ்டாட்டில் 11ஆம் அதிகாரத்தில் தரும் எடுத்துக்காட்டு சோஃபக்ளீஸின் ஈடிபஸ். தந்தையைக் கொன்று தாயை மணந்துவிடுவோமோ என்ற ஈடிபஸின் பயத்தைப் போக்கக் கொரிந்து நகரத் தூதன் வருகிறான். நீ கொரிந்து அரசனும் அரசியும் பெற்ற பிள்ளை இல்லை, கவலைப்படாதே என்கிறான். ஆறுதல் சொன்ன அந்த வாயாலேயே குட்டு உடைகிறது. செய்த காரியம் நினைத்ததற்கு நேர் எதிராகத் திரும்புவதும், உண்மையை அறிவதும் ஒரே கணத்தில் நடந்தால் அதுவே சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. மதுரையில் தூதன்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டு அரசர்களையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். இருவரும் நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே குற்றவாளி ஆகிறவர்கள். ஈடிபஸ் விசாரித்துக் கெட்டவன். குருட்டுக் குறிசொல்லி தைரேசியாஸ் வேண்டாம் என்கிறான், மனைவி யொகாஸ்தா கெஞ்சுகிறாள், கிழட்டு இடையன் கும்பிடுகிறான், விடாமல் கேட்டுக்கேட்டுத் தன்னையே கண்டுபிடிக்கிறான். பாண்டியன் விசாரிக்காமல் கெட்டவன். ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்டு திரும்பி வந்து நாடகத்தின் கடைசி இருநூற்றுச் சொச்சம் அடிகளிலும் மேடையில் நிற்கிறான். பாண்டியனுக்கு இளங்கோ கொடுப்பது ஏழு அடிகூட இல்லை.

அந்த அடிகளுக்கு வருவோம். சிலம்பு உடைகிறது, 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. மாணிக்கத்தை அவள் எறியவில்லை, அதுவே தெறிக்கிறது. முகத்தில் எங்கும் படாமல் வாயில் போய்ப் படுகிறது. 'கொன்று' என்று சொன்ன வாய். குடை தாழ்கிறது, செங்கோல் தளர்கிறது.

'பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட
யானோ அரசன் யானே கள்வன்'

நடிகர்கள் இதை ஒரே மூச்சில் கத்திவிடுகிறார்கள். ஓகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே மூச்சு விட வேண்டும். 'யானோ' என்பதில் உள்ள ஓ எதிர்மறை: நானா அரசன், இல்லை. 'யானே' என்பதில் உள்ள ஏகாரத்தைத் தேற்றம் என்றும் கொள்ளலாம், பிரிநிலை என்றும் கொள்ளலாம். இரண்டும் தொல்காப்பியம் எண்ணும் ஏகாரப் பொருள்கள்தான். தேற்றமானால், நான் கள்வன் என்பது உறுதி. பிரிநிலையானால், கள்வன் அவன் அல்லன், நான்தான். இறந்துகிடக்கும் கோவலன் அந்த ஓர் எழுத்தில் விடுதலையாகிறான். அறிதல் முழுவதும் ஓவிலிருந்து ஏவுக்கு நகர்வதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு களங்கள் சொல்லும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இரக்கமும் அச்சமும் துன்பியலின் இரண்டு உணர்ச்சிகள் என்று கிரேக்கர் பேசியதோடு இதை ஒப்பிடாதவர் குறைவு. நான் அந்த ஒப்பீட்டை இழுக்கப் போவதில்லை. அச்சத்தின் பட்டியலில் கள்வரும் தம் இறையும் அடுத்தடுத்து நிற்பதை மட்டும் பாருங்கள். அந்த அவையில் ஒரே ஆள் இரண்டுமாகிறான்.

ஊழ் பற்றிப் புலவர் பேசுகிறார். மதுரையின் காவல் தெய்வம் மதுராபதி பேசுகிறாள், கோவலன் முற்பிறப்பில் பரதனாகச் சிங்கபுரத்தில் இருந்து, வணிகன் சங்கமனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்த கதையைச் சொல்கிறாள். அரசன் பேசவில்லை. 'மன்பதை காக்கும் தென்புலங் காவல் என்முதற் பிழைத்தது' என்று கணக்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, 'கெடுகவென் ஆயுள்' என்று விழுகிறான். தப்பிக்க அங்கே ஊழ் என்ற கதவு திறந்தே கிடந்தது, பொற்கொல்லன் என்ற கதவும் கிடந்தது. கொல்லனைக் குறிப்பிடுகிறான், ஆனால் 'தன்சொற் கேட்ட யான்' என்று எழுவாயைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். பின்னாலேயே கோப்பெருந்தேவி, கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல் என்று விழுகிறாள்.

இவன் யார் என்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. இவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். மதுரைக் காண்டத்தின் இறுதிக் கட்டுரை, தேவியோடு 'அரைசு கட்டிலில் துஞ்சிய' அரசன் என்று இவனைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வேறு. குடிமக்கள் 'கொடியன் எம் இறை' என்று கண்ணீர் சிந்திப் பழிதூற்றும் கோலேன் ஆகுக என்று வஞ்சினம் கூறும் புறநானூறு 72 அந்த மற்றவனுடையது. பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக அதை இவன் தலையில் கட்டக் கூடாது. இவன் பெயரில் இருப்பது 183: 'பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே'. படித்தவனைத்தான் அரசனும் தேடுவான் என்று பாடியவன், படித்த அமைச்சர்களை விட்டு நீங்கிய நேரத்தில் பிழைத்தான்.

இவன் காதில் மறை ஓதும் நாவின் ஓசை விழுந்ததே தவிர, முறையிடும் மணியின் நாவோசை விழுந்ததே இல்லை என்று மதுராபதி சான்று சொல்கிறாள். சேர நாட்டில் செங்குட்டுவன் செய்தி கேட்டதும் சொல்வது இன்னும் மேலே போகிறது: 'வல்வினை வளைத்த கோலை மன்னவன் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது'. அதே மூச்சில், அரச குடியில் பிறப்பது 'துன்பம் அல்லது தொழுதகவு இல்' என்று சலித்துக்கொள்கிறான். தான் செய்கிற அரசு வேலையின் அபாயத்தை இன்னொரு அரசனின் பிணத்தில் பார்த்துவிட்டவனின் பேச்சு அது.

காப்பியம் இதோடு நின்றிருந்தால் கணக்கு சுத்தமாகியிருக்கும். நிற்கவில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் அடுத்துப் பட்டமேறி, பத்தினிக்குச் சாந்தியாகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று களவேள்வி செய்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்கிறது, அதன் பிறகு நாட்டில் மழை பெய்ததாம். அந்த ஆயிரம் பேரில் எவரையும் அழைத்துக் கேட்டதாக ஒரு சொல் இல்லை. கோப்பெருந்தேவியின் முத்துச் சிலம்பு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் வழக்குரை காதையில் ஒரு சொல் இல்லை.